வீட்டுவழிக் கல்வி: டி.என்.ஏ. பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

#1 வினாக்கூடை

மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு ஒன்பது. இருவருக்கும் வீட்டில் நானே அறிவியல் சொல்லித்தருகிறேன். செல், உட்கரு, செல் பிரிதல் வரை சிக்கல் இல்லாமல் வந்துவிட்டோம். அடுத்தது டி.என்.ஏ. இங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

கையில் இருக்கும் பாடத்திட்டம் முதல் பக்கத்திலேயே முறுக்கிய ஏணியின் படத்தைப் போட்டுவிட்டு, அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறது. பிறகு வண்ணக் காகிதத்தில் ஏணி செய்யச் சொல்கிறது. அடுத்த பக்கத்தில் நேராக "உன் கண்ணின் நிறம் யாரிடமிருந்து வந்தது?" என்று தாவிவிடுகிறது. ஏணிக்கும் கண்ணுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மகள் நான்கு பெயர்களையும் பிழையில்லாமல் ஒப்பிக்கிறாள். "சரி, இந்த மூலக்கூறு எப்படி ஒரு குணத்தை உண்டாக்குகிறது?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள். மகனுடைய கேள்வி வேறு: "இவ்வளவு சின்னதை யார் பார்த்தார்கள்? பார்க்காமல் எப்படி ஏணி என்று சொல்கிறார்கள்?"

எந்த வரிசையில் சொல்வது, பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் சோதனையால் உண்மையில் பயன் உண்டா, ஒன்பது வயதுக்காரனை எவ்வளவு தூரம் கூட்டிச்செல்லலாம். இவை பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கடைசி பெஞ்சு

ஒன்பது வயதுக்கு டி.என்.ஏ. எதற்கு? செடி வளர்க்கட்டும், பூச்சிகளைக் கவனிக்கட்டும். வேதியியல் தெரியாதவனிடம் மூலக்கூறு பற்றிப் பேசுவது வெறும் சொற்களை விழுங்கச் சொல்வதுதான். மகளுக்கு மட்டும் நடத்துங்கள்.

#3 நுண்ணோக்கி

மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாமல் போனது புரதம். அதை விட்டுவிட்டு டி.என்.ஏ.வைச் சொன்னால் குழந்தையின் மனத்தில் மிஞ்சுவது மந்திரம் மட்டுமே. ஏணியைத் தள்ளிவையுங்கள், புரதத்தில் தொடங்குங்கள் என்பதே என் வாக்கு.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், உணவைச் செரிக்கும் நொதிகள், தசையைச் சுருக்கும் இழைகள், முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் ஆகிய எல்லாமே புரதங்கள். உடலில் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை இவைதாம். 20 வகை அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்தால் வெவ்வேறு புரதங்கள் கிடைக்கும். பிள்ளைகளிடம் பல நிறப் பாசிமணிகளைக் கொடுத்துக் கோக்கச் சொல்லுங்கள். கோத்த சரத்தைக் கையில் குவித்துச் சுருட்டச் சொல்லுங்கள். மணிகளின் வரிசை மாறினால் சரம் மடங்கும் வடிவம் மாறும், வடிவம் மாறினால் வேலை மாறும். இது மனத்தில் பதிந்த பிறகு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பது செல்லுக்கு எப்படித் தெரியும்?" அதற்கு விடையாக டி.என்.ஏ. உள்ளே நுழையட்டும். கேள்வி எழுவதற்கு முன்பே விடையைக் கொடுத்துவிட்டதுதான் உங்கள் புத்தகம் செய்த தவறு.

மகளுக்கு ஒரு கணக்கு. எழுத்துகள் நான்கு: ஏ, டி, ஜி, சி (நீங்கள் சொன்ன நான்கு பெயர்களின் ஆங்கில முதல் எழுத்துகள்). குறிக்க வேண்டிய அமினோ அமிலங்கள் 20. ஓர் எழுத்து ஒன்றைக் குறிக்கும் என்றால் 4 போதாது. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16, அதுவும் போதாது. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64. 1954-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் எந்தச் சோதனையும் செய்யாமல், காகிதத்தில் இப்படித்தான் மூன்று என்ற எண்ணுக்கு வந்தார். 1961-இல் நிரன்பெர்க்கும் மத்தாயும் முதல் மூன்றெழுத்துச் சொல்லைச் சோதனையில் படித்தார்கள். யு என்ற எழுத்து மட்டுமே தொடர்ந்து வரும் ஆர்.என்.ஏ.வை (செல்லில் டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படும் நகல்) கொடுத்தபோது, ஃபீனைல்அலனைன் என்ற ஒரே அமினோ அமிலம் மட்டுமே கோத்த சரம் கிடைத்தது. ஹர் கோவிந்த் குரானா உள்ளிட்டோரின் உழைப்பில் 1966-க்குள் 64 சொற்களுக்கும் பொருள் தெரிந்துவிட்டது. 61 சொற்கள் அமினோ அமிலங்களுக்கு, 3 சொற்கள் "நிறுத்து" என்பதற்கு.

64 சொற்களின் பொருளையும் தரும் அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு இந்த ஆர்.என்.ஏ. வரியைக் கொடுங்கள் (டி இருக்கும் இடத்தில் ஆர்.என்.ஏ.வில் யு வரும்):

ஏயுஜி யுயுயு ஜிஜிசி ஏஏஏ யுஏஏ

விடை: மெத்தியோனின், ஃபீனைல்அலனைன், கிளைசின், லைசின், நிறுத்து. இப்போது மூன்றாவது சொல்லின் கடைசி எழுத்தை ஏ என்று மாற்றுங்கள். ஜிஜிஏ என்றாலும் கிளைசின்தான். ஒன்றும் கெடவில்லை. அடுத்து, முதலில் கொடுத்த வரிக்கே திரும்பி, இரண்டாம் சொல்லிலிருந்து ஒரே ஒரு யு-வை அழித்துவிட்டு மீண்டும் மூன்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்:

ஏயுஜி யுயுஜி ஜிசிஏ ஏஏயு ஏஏ

மெத்தியோனின், லியூசின், அலனைன், அஸ்பரஜின் என்று முதல் மணியைத் தவிர எல்லாமே மாறிவிட்டன. "நிறுத்து" காணாமல் போய்விட்டது. திடீர்மாற்றம் என்றால் என்ன, சில மாற்றங்கள் ஏன் தீங்கில்லாமல் போகின்றன, சில ஏன் எல்லாவற்றையும் குலைக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே இதை நடத்தலாம்.

#4 சுண்ணக்கட்டி

பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவன். நுண்ணோக்கி சொல்வது பெரிய பெண்ணுக்குப் பொருந்தும். ஆனால் அம்மா, உங்கள் பையன் கேட்டானே, "யார் பார்த்தார்கள்?" என்று. இந்த இழையிலேயே சிறந்த கேள்வி அதுதான். ஒன்பது வயதுக்கு வேதியியல் வேண்டாம், துப்பறியும் கதை போதும். கடைசி பெஞ்சு தம்பிக்கும் இதுவே பதில்.

கதை 1869-இல் தொடங்குகிறது. ஃபிரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர், காயங்களுக்குக் கட்டி எடுத்த துணிகளிலிருந்து சீழைக் கழுவி எடுத்து, அதிலுள்ள வெள்ளை அணுக்களின் உட்கருவிலிருந்து புதுப் பொருள் ஒன்றைப் பிரித்தார். சீழ் என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அது டி.என்.ஏ. என்பதோ, மரபோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதோ அன்று யாருக்கும் தெரியாது.

பிறகு 1928, கிரிஃபித் என்ற ஆய்வாளரின் எலிகள். இதைப் புதிராகவே சொல்லுங்கள். ஒரு வகை நிமோனியாக் கிருமிக்கு வழவழப்பான உறை உண்டு, அது எலியைக் கொல்லும். உறையில்லாத வகை கொல்லாது. உறையுள்ளதைச் சூடாக்கிக் கொன்று ஊசியில் ஏற்றினால் எலி பிழைக்கிறது. செத்த உறைக்கிருமியையும் உயிருள்ள உறையில்லாக் கிருமியையும் கலந்து ஏற்றினால் எலி செத்துவிடுகிறது, அதன் ரத்தத்தில் உயிருள்ள உறைக்கிருமிகள் இருக்கின்றன! இங்கே நிறுத்துங்கள். விடையைச் சொல்லாதீர்கள். "செத்தது பிழைத்துக்கொண்டது" என்பான். "அப்படியானால் தனியாக ஏற்றியபோது ஏன் பிழைக்கவில்லை?" என்று கேளுங்கள். செத்ததிலிருந்து உயிருள்ளதற்கு ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவனே வருவான். அது எது என்று கண்டறிய 1944 வரை ஆனது. ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார்கள், மாற்றம் நடந்தது. ஆர்.என்.ஏ.வைச் சிதைத்தார்கள், அப்போதும் நடந்தது. டி.என்.ஏ.வைச் சிதைத்தார்கள், நின்றுவிட்டது. ஒவ்வொரு சந்தேகநபரையும் விலக்கி விலக்கிக் குற்றவாளியைப் பிடிப்பது போன்ற இந்த முறை பையனுக்குப் புரிந்தால், அறிவியலில் பாதி புரிந்தது போலத்தான்.

மகளுக்குச் சார்காஃப் என்ற வேதியியலாளரின் கணக்கைக் கொடுக்கலாம். மனித டி.என்.ஏ.வில் ஏ ஏறத்தாழ 30 சதவீதம், டி 30, ஜி 20, சி 20. ஈ. கோலை பாக்டீரியாவில் நான்கும் ஏறத்தாழ 25. வேறொன்றும் சொல்லாமல் "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்ற இணையை மனப்பாடம் செய்வதைவிட எண்களிலிருந்து கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

#5 மாடித்தோட்டம்

"பார்க்காமல் எப்படி ஏணி என்று சொல்கிறார்கள்?" என்ற கேள்விக்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பழைய பால்பாயின்ட் பேனாவிலிருந்து சுருள்கம்பியை எடுத்துவிடுங்கள். அறையை இருட்டாக்கி, சில மீட்டர் தள்ளி இருக்கும் வெள்ளைச் சுவரை நோக்கி லேசர் சுட்டியைக் கம்பிச்சுருள் வழியே அடியுங்கள். சுவரில் பெருக்கல் குறி வடிவில் புள்ளிகள் தெரியும். சுருள்களின் இரு பக்கச் சாய்வும் சேர்ந்து அந்தக் குறியைத் தருகின்றன. சுருளைச் சற்று இழுத்துப் பிடித்தால் குறியின் கோணம் மாறும்.

1952 மே மாதத்தில், ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வுக்குழுவில் ரேமண்ட் காஸ்லிங் டி.என்.ஏ. இழையின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்த 51-ஆம் எண் படத்தில் தெரிவதும் இதே பெருக்கல் குறிதான். சோதனையைச் செய்து முடித்த கையோடு அந்தப் படத்தைக் காட்டினால் என் மகள்கள் செய்தது போலக் கூச்சல் கேட்கும். லேசர் சுட்டி பெரியவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். யார் கண்ணிலும் படக்கூடாது, பளபளப்பான பொருள் எதிரே இருக்கக்கூடாது.

#6 சுண்ணக்கட்டி

அருமை. இதை இத்தனை ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லவில்லையே! படத்தைக் காட்டும்போது மீதிக் கதையையும் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தை ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலே அவருடைய சக ஆய்வாளர் வில்கின்ஸ், டி.என்.ஏ.வின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனிடம் காட்டினார். இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக் இருவரின் கட்டுரை 1953 ஏப்ரல் 25-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதே இதழில் ஃபிராங்க்ளின், காஸ்லிங் இருவரின் கட்டுரையும் இருந்தது. 1958-இல் 37 வயதில் ஃபிராங்க்ளின் இறந்தார். 1962-இல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போயிற்று. பதின்மூன்று வயதுப் பெண் இதைக் கேட்டுக் கோபப்படுவாள். படட்டும்.

#7 வினாக்கூடை

இவ்வளவு விரைவில் இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை, நன்றி. கிரிஃபித்தின் புதிரை நேற்று இரவே சொல்லிவிட்டேன். மகன் "செத்ததன் உறையைக் கழற்றி இது போட்டுக்கொண்டது" என்றான். "அப்படியானால் அதன் குட்டிகளுக்கும் உறை இருக்கிறதே, அவற்றுக்கு யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். இன்று காலை வரை யோசித்துக்கொண்டிருக்கிறான்.

பழச் சோதனை பற்றி யாரும் சொல்லவில்லையே?

#8 மாடித்தோட்டம்

செய்யலாம். ஆனால் "இதோ டி.என்.ஏ." என்று காட்டி முடித்தால் அது வெறும் வித்தைதான். முறை எளிது: ஸ்ட்ராபெரியையோ நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தையோ உறையில் போட்டு நசுக்குங்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து அதில் சேர்த்து, நுரை பொங்காமல் மெதுவாகப் பிசைந்து வடிகட்டுங்கள். வடிநீரை உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, உறைபெட்டியில் வைத்துக் குளிர்ந்த ஆல்கஹாலைச் சுவரோரமாகச் சரித்து, மேலே தனி அடுக்காக நிற்கும்படி ஊற்றுங்கள். இரண்டு அடுக்குகளும் தொடும் இடத்தில் வெள்ளை நூல் நூலாகத் திரளும். ஸ்ட்ராபெரி ஏன் என்றால், கடைகளில் கிடைக்கும் வகையில் ஒவ்வொரு குரோமோசோமும் (டி.என்.ஏ. சுருண்டிருக்கும் துண்டு) எட்டு எட்டாக இருக்கிறது, அதனால் டி.என்.ஏ. நிறைய. ஆல்கஹாலின் செறிவு 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நன்றாக வரும், 70 சதவீதமானால் மங்கலாகத்தான் வரும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பு எரியும் இடத்தில் வேண்டாம், ஊற்றுவதும் பெரியவரே.

பாடம் எங்கே இருக்கிறது என்றால், ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பதில். ஒரு குவளையில் சோப்புத் திரவம் இல்லை, இன்னொன்றில் உப்பு இல்லை, மூன்றாவதில் எல்லாம் உண்டு. எதில் எவ்வளவு நூல் வரும் என்று முன்பே எழுதிவைக்கச் சொல்லுங்கள். செல்லையும் உட்கருவையும் சூழ்ந்த சவ்வு கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைக்கிறது. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, உப்பிலுள்ள சோடியம் அதைச் சமன்செய்வதால் இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் திரள்கின்றன. ஆல்கஹாலில் டி.என்.ஏ. கரையாது. இந்த மூன்று காரணங்களையும் சோதனைக்குப் பிறகு சொன்னால் போதும்.

#9 நுண்ணோக்கி

ஒரு திருத்தம் மட்டும். அந்த வெள்ளைத் திரளில் டி.என்.ஏ. மட்டும் இல்லை. ஆர்.என்.ஏ., புரதம், பழத்திலுள்ள பெக்டின் எல்லாம் சேர்ந்தே வரும். "தனி ஒரு டி.என்.ஏ. மூலக்கூற்றைக் கண்ணால் பார்த்தேன்" என்று பிள்ளைகள் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான செல்களிலிருந்து வந்த கோடானுகோடி இழைகள் சிக்கிக்கொண்ட கற்றை அது. இரட்டைச் சுருளின் அகலம் 2 நானோமீட்டர்தான்.

அளவை உணர்த்த மகளுக்கு ஒரு கணக்கு: நம் செல் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி எழுத்து இணைகள் (ஏ-டி, ஜி-சி), ஓர் இணைக்கும் அடுத்ததற்கும் இடையே 0.34 நானோமீட்டர். பெருக்கினால் 2 மீட்டருக்குச் சற்று மேல் வரும். எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால், 2 மில்லிமீட்டர் தடிமனில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கயிறு. அதை 46 துண்டுகளாக்கி, சில மீட்டர் அகலமே உள்ள அறைக்குள் சிக்கல் விழாமல் அடுக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் எந்த இடத்தையும் பிரித்துப் படிக்கவும் முடிய வேண்டும். உட்கரு தினமும் செய்வது அதைத்தான்.

காகித ஏணி செய்வதாக இருந்தால் வலப்பக்கச் சுருளாகச் செய்யுங்கள். அச்சில் வரும் படங்களில் எத்தனையோ இடப்பக்கமாக முறுக்கப்பட்டிருக்கின்றன. வலது கையின் கட்டைவிரலை மேல்நோக்கி நீட்டினால், மற்ற விரல்கள் வளையும் திசையிலேயே சுருள் சுற்றி மேலேற வேண்டும். படங்களில் பிழை பிடிப்பதையே ஒரு விளையாட்டாக்கலாம்.

#10 தூரத்து இடி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவருகிறேன். பாடத்திட்டத்தில் அடுத்த பக்கம் "கண்ணின் நிறம் யாரிடமிருந்து வந்தது?" என்பது என்றீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை.

நாங்கள் மகனைத் தத்தெடுத்து வளர்க்கிறோம். அவனுக்கு அது தெரியும், வீட்டில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் ஒரு குழுவகுப்பில் "அம்மாவுக்கு நாக்கைச் சுருட்ட வருமா, அப்பாவுக்குக் காதுமடல் ஒட்டியிருக்குமா" என்று கட்டம் நிரப்பும் தாளைக் கொடுத்தபோது அவன் பேனாவை மூடிவைத்துவிட்டான். அவன் மட்டும் இல்லை, பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைகளும் பிரிந்து வாழ்பவர்களின் குழந்தைகளும் அந்த மேசையில் இருந்தார்கள். உங்கள் இருவருக்கும் இது சிக்கல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து நடத்தும் நாள் வந்தால் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்.

#11 நுண்ணோக்கி

தூரத்து இடிக்கு முழு ஆதரவு. அந்தத் தாள் மனத்தைப் புண்படுத்துகிறது என்பது ஒருபுறம், அறிவியலாகவும் அது தவறு.

நாக்கைச் சுருட்டுவது ஒற்றை மரபணுவால் வருவது என்று 1940-இல் ஸ்டர்ட்டிவண்ட் என்ற மரபியலாளர் எழுதினார். பிறகு ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைச் சோதித்தபோது, ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது என்ற இணைகள் பல கிடைத்தன. அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். பாடநூல்கள் கைவிடவில்லை! காதுமடலிலும் ஒட்டியது, ஒட்டாதது என்ற இரண்டே வகை இல்லை, இடைப்பட்டவை ஏராளம். கண்ணின் நிறத்தில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. நீலக்கண் பெற்றோர் இருவருக்குப் பழுப்புக்கண் குழந்தை பிறக்க முடியும். தாளை நம்பிய குழந்தை வீட்டுக்குப் போய் என்ன முடிவுக்கு வரும் என்று எண்ணிப்பாருங்கள்.

மனிதரில் ஒற்றை மரபணுக் குணம் வேண்டும் என்றால் காதுக்குறும்பி இருக்கிறது. ஈரமாகவா உலர்ந்தா என்பதை ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரே ஓர் எழுத்து தீர்மானிக்கிறது. ஒன்பது வயதுக்காரனுக்கு இது சீழைவிடப் பிடிக்கும்.

#12 சுண்ணக்கட்டி

மனிதரை விட்டுவிட்டுப் பட்டாணிக்கே போய்விடலாம் என்பேன். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபை ஆராய்ந்த மெண்டல் 1866-இல் வெளியிட்ட எண்கள் அப்படியே இருக்கின்றன: உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. மஞ்சள் 6,022, பச்சை 2,001. மகள் வகுத்துப் பார்க்கட்டும். மகனிடம் இரண்டு நாணயங்களைக் கொடுங்கள், தாய்ச்செடியிலிருந்து ஒன்று, தந்தைச்செடியிலிருந்து ஒன்று என்று. தலை என்றால் உருண்டை, பூ என்றால் சுருக்கம். இரண்டும் பூவாக விழுந்தால் மட்டுமே சுருங்கிய விதை. பத்து முறை போட்டால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் பெரும்பாலும் வராது. நூறு முறை, இருநூறு முறை என்று போகப்போக நெருங்கும். மெண்டல் ஏன் ஆயிரக்கணக்கில் எண்ணினார் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

நுண்ணோக்கி புரதத்தில் தொடங்கச் சொல்கிறார், நான் பட்டாணியில் தொடங்கச் சொல்கிறேன். அம்மாதான் முடிவு செய்ய வேண்டும்.

#13 நுண்ணோக்கி

ஐயா, இரண்டையும் ஒரே பட்டாணி இணைத்துவிடுகிறது! வினாக்கூடை முதலில் கேட்ட கேள்வியே மூலக்கூறு எப்படிக் குணமாகிறது என்பதுதானே. மெண்டலின் சுருங்கிய விதையில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்பதை 1990-இல் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாவுச்சத்தைக் கிளைகிளையாக்கும் நொதி ஒன்றுக்கான மரபணுவின் நடுவே, ஏறத்தாழ 800 எழுத்துகள் கொண்ட துண்டு ஒன்று நுழைந்துவிட்டது. அதனால் அந்த நொதி சரியாக உருவாவதில்லை. நொதி இல்லாததால் மாவுச்சத்து குறைந்து, சர்க்கரை மாவாக மாறாமல் விதையிலேயே தங்கிவிடுகிறது. சர்க்கரை மிகுந்த விதை வளரும்போது அதிகமாகத் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. முற்றிக் காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, பெரிதாகிவிட்ட தோல் சுருங்குகிறது. எழுத்து மாற்றம், கெட்ட புரதம், மிஞ்சிய சர்க்கரை, புகுந்த நீர், சுருங்கிய தோல். ஒவ்வொரு படியும் குழந்தைக்குப் புரியக்கூடியது, எங்கேயும் மந்திரம் இல்லை. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே போதுமான நொதி கிடைத்துவிடும் என்பதால், உருண்டை ஏன் ஓங்கு பண்பு என்பதும் இதிலேயே விளங்கிவிடும். "ஓங்கு பண்பு வலிமையானது, மற்றதை அடக்கிவிடுகிறது" என்ற பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதரில் இதற்கு நிகரான சான்று அரிவாள் செல் சோகை. ஹீமோகுளோபின் சரம் ஒன்றின் ஆறாவது இடத்தில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். மகளிடம் சொல்லலாம்.

#14 வினாக்கூடை

பட்டாணிக் கதையை மகளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ. என்றால் கண் ஏன் கண்ணாகிறது, கல்லீரல் ஏன் கல்லீரலாகிறது?" என்றாள். இதற்கு என்ன சொல்வது? மகன் பங்குக்கு: "யானைக்கு நம்மைவிட நிறைய டி.என்.ஏ. இருக்குமா?"

#15 மாடித்தோட்டம்

மகனுக்கு: உடல் அளவுக்கும் டி.என்.ஏ. அளவுக்கும் தொடர்பே இல்லை. நம் செல்லிலுள்ள இரண்டு தொகுதிகளில் ஒன்றில் ஏறத்தாழ 310 கோடி இணைகள். வெங்காயத்தில் 1,600 கோடி. 2024-இல் அளந்து அறிவித்த சிறிய பெரணி வகை ஒன்றில் 16,000 கோடி! நம்மில் புரதத்துக்கான குறிப்பாகப் பயன்படுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. மரபணுக்கள் 20,000 அளவில்தான்.

#16 நுண்ணோக்கி

மகளுக்கு: எல்லா மரபணுக்களும் எல்லாச் செல்லிலும் இருக்கும், ஆனால் எல்லாம் படிக்கப்படுவதில்லை. ஒரே மரபணு உடலின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விளைவைத் தரலாம் என்பதை முதலில் கண்ணுக்கு முன்னே காட்ட சயாமீஸ் பூனையின் படம் போதும். நிறமியை உண்டாக்கும் நொதி அதற்கு மாறுபட்டிருக்கிறது, சூட்டில் வேலை செய்யாது. உடலின் நடுப்பகுதி சூடாக இருப்பதால் முடி வெளிர்நிறம். காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை சற்றுக் குளிர்ந்தவை என்பதால் அங்கே கறுப்பு. ஒரே மரபணு, ஒரே பூனை, இரண்டு நிறங்கள். இது நொதி வேலை செய்வது பற்றியது, மரபணு படிக்கப்படுவது பற்றியது இல்லை. அந்த வேறுபாட்டை அவளே கேட்டால் மூவண்ணப் பூனைக்குப் போங்கள். பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மூடப்படுகிறது. எது மூடப்பட்டது என்பதைப் பொறுத்து அந்த இடத்து முடி ஆரஞ்சு அல்லது கறுப்பு. 1961-இல் மேரி லயன் சொன்ன விளக்கம் இது. மூடிவைத்த மரபணுவைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

#17 கடைசி பெஞ்சு

இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் வீட்டிலேயே உமிழ்நீரை எடுத்து அனுப்பும் மரபணுச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிப் பிள்ளைகளின் அறிக்கையையே காட்டலாமே. சொந்த டி.என்.ஏ. என்றால் ஆர்வம் தானாக வரும்.

#18 தூரத்து இடி

வேண்டாம். அந்த அறிக்கை குழந்தையோடு முடிவதில்லை, பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் பற்றிச் சேர்த்தே சொல்லிவிடும். பின்னாளில் வரக்கூடிய நோய் பற்றித் தெரிந்துகொள்ளலாமா என்பதை அந்தப் பெண்ணே பெரியவளாகி முடிவு செய்ய வேண்டும். மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால் அது வேறு விஷயம்.

#19 கடைசி பெஞ்சு

அது நியாயம். ஒன்பது வயது பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

#20 வினாக்கூடை

அவனோ எலிகளை விட மாட்டேன் என்கிறான்! எங்கள் வரிசை இப்படி அமைந்திருக்கிறது. முதலில் பட்டாணியும் நாணயமும், இருவருக்கும். பிறகு "எது கடத்துகிறது?" என்று மீஷர், கிரிஃபித், ஏவரி. அடுத்து பேனாச் சுருளும் 51-ஆம் படமும், அன்றே வலப்பக்க ஏணி. மகளுக்கு மட்டும் பாசிமணியும் எழுத்து அட்டவணையும், அந்த நேரத்தில் மகன் படங்களில் இடப்பக்க ஏணிகளைத் தேடிப் பட்டியலிடுவான். கடைசியில் மீண்டும் சுருங்கிய பட்டாணி: டி.என்.ஏ., புரதம், குணம். பழச் சோதனை மூன்று குவளைகளோடு நடுவில் ஏதாவது ஒரு நாள். குடும்பத் தாள் இல்லை.

#21 நுண்ணோக்கி

நல்ல வரிசை. கடைசி வரியில் டி.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் நடுவே ஆர்.என்.ஏ.வைச் சேருங்கள். மூலப் பிரதி உட்கருவிலேயே இருக்கிறது, புரதம் கோக்கும் ரைபோசோம்கள் வெளியே இருக்கின்றன. அங்கே போவது ஆர்.என்.ஏ. நகல்தான். அதனால்தான் மகளுடைய அட்டவணையில் டி இல்லாமல் யு இருக்கிறது, அவள் அதைக் கட்டாயம் கேட்பாள். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்களும் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்துதான் அதைக் கண்டறிந்தார்கள். பேனாச் சுருளை அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மகன் கேட்பான்.